மூக்கு லேசான பக்கி: முன் எடை எப்போது கைகொடுக்கும், எப்போது கெடுக்கும்

பின் சக்கரம் மட்டும் ஓட்டம் பெறும் 1/10 அளவு ஆர்.சி. பக்கி (ரிமோட்டில் ஓடும், மண்ணுக்கான சின்னக் கார்), அதிலும் மோட்டார் பின் ஆக்சிலை ஒட்டியோ அதற்குப் பின்னாலோ உட்கார்ந்திருக்கும் ரகம் உங்களிடம் இருந்தால், "முன்னால கொஞ்சம் வெயிட் வைங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். டாமியாவின் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட், அசோசியேட்டடின் முதல் ஆர்.சி.10 ஆகிய மூன்றும் 1984-இல் வந்த பின்மோட்டார் வண்டிகள். முதல் இரண்டும் மறுவெளியீடாகவும் வந்துவிட்டதால், அந்தக் காலத்து வண்டியின் குணம் புதுப்பெட்டியிலேயே சேர்ந்து வருகிறது: மோட்டார், கியர்பாக்ஸ் எல்லாம் பின்னால் குவிந்திருக்கும், முன்னால் சர்வோவும் (முன் சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டார்) இரண்டு ஒல்லி டயரும் மட்டும்.

யோசனை தப்பில்லை. எல்லாக் கோளாறுக்கும் அதையே மருந்தாகக் கொடுப்பதுதான் தொல்லை. முன் எடை உருப்படியாகத் தீர்ப்பது ஒரே குறையைத்தான்: த்ராட்டில் கொடுக்கும்போது முன் டயர் தரையில் அழுந்தாமல் போவது. வேறு காரணத்தால் வண்டி திரும்பாமல் இருந்தால் ஈயத்தை ஒட்டி ஒட்டிப் பார்த்து, கடைசியில் கனமான, இன்னும் திரும்பாத வண்டிதான் மிஞ்சும். அதனால் அறிகுறியைப் பார்த்துப் போவோம்.

முதலில் தராசு

இரண்டு சமையலறை டிஜிட்டல் தராசுகள் போதும். ஒன்றே இருந்தால், அதே உயரத்துக்கு நான்கு புத்தகங்களை அடுக்கி, முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை நிறுங்கள். பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி, ஓடத் தயாரான நிலையில் நிறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருப்பது முக்கியம், ஒரு பக்கம் தாழ்ந்தால் எண் பொய் சொல்லும்.

பின்மோட்டார் வண்டியில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் முன் சக்கரங்களில் நிற்கும். கணக்குப் போட வசதியாக, மொத்தம் 1500 கிராம், முன்னால் 540 கிராம், அதாவது 36 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 280 மில்லிமீட்டர், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 50 மில்லிமீட்டர் உயரம்.

இப்போது த்ராட்டிலை அழுத்துகிறீர்கள். புவியீர்ப்பில் பாதியளவு வேகமுடுக்கம் கிடைக்கிறது என்றால், 1500-இல் பாதி 750, அதை 50/280-ஆல் பெருக்கினால் சுமார் 134 கிராம். அவ்வளவு எடை அந்த நேரத்துக்கு முன் சக்கரத்தை விட்டுப் பின் சக்கரத்துக்குப் போய்விடும். நின்றபோது 540 கிராம் தாங்கிய முன் டயர்கள், வளைவிலிருந்து வெளியேறும்போது 406 கிராமோடு மண்ணைப் பிடிக்கப் பார்க்கின்றன. கேரியரில் அரிசி மூட்டை ஏற்றிய சைக்கிளின் முன் சக்கரம் எப்படி ஹேண்டிலின் பேச்சைக் கேட்காதோ, அதே கதைதான்.

இந்த இடத்தில் முன் ஆக்சிலுக்கு நேர் மேலே 30 கிராம் வைத்தால் 406 என்பது ஏறக்குறைய 435 ஆகும், அதாவது ஏழு சதவீதம் கூடுதல். மொத்த எடையில் கூடுவது இரண்டே சதவீதம். அற்ப எடை என்று தோன்றும் 30 கிராம் ஓட்டத்தில் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

அறிகுறி: த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு வெளியே ஓடுகிறது

வளைவுக்குள் நுழையும்போது வண்டி நன்றாகத் திரும்புகிறது. நடுவில் வந்து த்ராட்டில் தொட்டதும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் நேராக வெளியே போகிறது. த்ராட்டிலை விட்டால் மறுபடி திரும்புகிறது. முன் எடை கேட்கும் வண்டி இதுதான். உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. தட்டையான மண் தரையில் ஸ்டியரிங்கை ஒரே அளவில் திருப்பிப் பிடித்து, மெதுவாக வட்டம் அடியுங்கள். பிறகு த்ராட்டிலைச் சீராகக் கூட்டிக்கொண்டே போங்கள். வட்டம் விரிந்துகொண்டே போனால், வண்டி முன்பிடி இல்லாமல் தவிக்கிறது. கார் விமர்சனங்களில் அண்டர்ஸ்டியர் என்று படித்திருப்பீர்கள், அதுவேதான்.

ஈயத்துக்குக் கை நீட்டும் முன், இரண்டு பார்வை. முதலாவது பின் டிஃபரன்ஷியல், அதாவது வளைவில் இரண்டு பின் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு. ஒரு பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தைச் சுற்றுங்கள். சுற்றவே கஷ்டமாக இருந்தால், இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் ஓடும், வண்டியை நேராகத்தான் தள்ளும். பழைய டாமியாக்களில் உள்சக்கரம் சும்மா சுழலக் கூடாதென்று டிஃபுக்குள் கெட்டி கிரீஸை அடைத்து வைப்பவர்கள் உண்டு. அளவோடு செய்தால் நல்ல வேலை, அதிகமானால் இந்த அறிகுறியை அச்சாக வரவழைத்துவிடும்.

இரண்டாவது, முன் டயர். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லை, ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கிறது என்றால் அது பிடிக்காது. பெட்டிக்குள்ளேயே வருடக்கணக்கில் கிடந்த டயர், ஒரு முறைகூட ஓடாததாக இருந்தாலும், இறுகிப்போயிருக்கும். முன் டயரில் ஓடும் வரிகளின் விளிம்பு மழுங்கியிருந்தாலும் மாற்றும் நேரம்தான். புது டயர் தரும் பிடியை எந்த ஈயமும் தராது.

இரண்டும் சரியாக இருந்தால், அடுத்தது எடை. ஆனால் சேர்ப்பதற்கு முன் நகர்த்துங்கள். வண்டிக்குள்ளேயே நல்ல கனமான ஒரு பொருள் இருக்கிறது, பேட்டரி. 300 கிராம் பேட்டரியை 20 மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால், 300-ஐ 20/280-ஆல் பெருக்கி, சுமார் 21 கிராம் பின்னாலிருந்து முன்னால் வரும். ஒரு கிராம்கூடப் புதிதாக ஏற்றவில்லை. பேட்டரித் தட்டில் முன்னும் பின்னும் ஸ்பாஞ்சு வைத்துக் கட்டும் வண்டிகளில் இது ஒரு நிமிட வேலை: முன்னால் இருக்கும் ஸ்பாஞ்சை எடுத்துப் பின்னால் செருகுங்கள். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ரிசீவரும் டபுள் டேப்பில் ஒட்டியவைதானே, அவற்றையும் வயர் எட்டும்வரை முன்னால் கொண்டுவரலாம். ரிசீவர் சில கிராம்தான் இருக்கும், அதனால் அதற்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

நகர்த்தியும் போதவில்லையா? சரி, இப்போது எடை. முதலில் 10 கிராம், அப்புறம் 20, அப்புறம் 30. ஒவ்வொரு முறையும் அதே வட்டச் சோதனை. எடுத்த எடுப்பிலேயே 60 கிராம் வைத்தால் எந்த அளவில் சரியானது என்பது தெரியாமலே போய்விடும். 10 கிராமில் வித்தியாசம் தெரிந்து, 20-இல் இன்னும் நன்றாகி, 30-இல் ஒன்றும் மாறவில்லை என்றால் 20-க்குத் திரும்புங்கள். 50 கிராம் தாண்டியும் குணமாகவில்லை என்றால், நோய் வேறு. எல்லாவற்றையும் பிய்த்தெடுத்துவிட்டு மறுபடி டயரையும் டிஃபையும் பாருங்கள்.

எங்கே வைப்பது, எதை வைப்பது

நல்ல இடம் ஒன்றுதான்: முன் ஆக்சிலுக்கு நேராக அல்லது கொஞ்சம் பின்னால், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. பெரும்பாலான பக்கிகளில் இது சர்வோவுக்கு அடியிலோ, முன் சஸ்பென்ஷன் பொருந்தும் கட்டைக்கு அடியிலோ இருக்கும் சேசிஸ் தளம்.

பம்பர் நுனியில் ஒட்டுவது கணக்குப்படி கவர்ச்சியானது. முன் ஆக்சிலுக்கு 50 மில்லிமீட்டர் முன்னால் 30 கிராம் வைத்தால் முன் சக்கரத்தில் 35 கிராம் கூடும், பின் சக்கரத்தில் 5 கிராம் குறையும். வைத்ததைவிட அதிகம் கிடைக்கிறதே என்று மகிழ வேண்டாம். அந்த 5 கிராம் பின்பிடியிலிருந்து பறித்தது. அதோடு நுனியில் தொங்கும் எடை வண்டி வேகமாகத் திசை மாறுவதை எதிர்க்கும். முதல் மோதலில் அடி வாங்குவதும் அந்த இடம்தான். பம்பர் நுனி எனக்குப் பிடித்த இடமே இல்லை.

சக்கரத்துக்குள் ஈயம் ஒட்டுவதும் சஸ்பென்ஷன் கைகளில் கட்டுவதும் இன்னும் மோசம். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை கூடினால், கரடுமுரடான தரையில் டயர் துள்ளிக்கொண்டே இருக்கும். பிடிக்காகத்தான் எடை வைக்கிறோம், துள்ளும் டயருக்கு ஏது பிடி?

பொருளைப் பொறுத்தவரை, சோதனைக்கு எதுவும் ஆகும். பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். மூன்றை அடுக்கி டேப் சுற்றினால் 23 கிராம் எடை தயார், வேலை முடிந்ததும் டீக்கடையில் கொடுத்துவிடலாம். நிரந்தரமாக வைக்க, கார் டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் பட்டை வசதி. ஐந்து ஐந்து கிராமாகவோ பத்துப் பத்தாகவோ துண்டுகள் வரிசையாக இருக்கும், பின்னால் பசை தடவியிருக்கும். அவற்றில் இரும்புத் துண்டும் உண்டு, ஈயத் துண்டும் உண்டு. இடம் குறைவாக இருந்தால் ஈயம் நல்லது. கன சென்டிமீட்டருக்கு இரும்பு 7.8 கிராம், பித்தளை ஏறக்குறைய 8.5, ஈயம் 11.3. இன்னும் நெருக்கடியான இடத்துக்கு 19-ஐத் தாண்டும் டங்ஸ்டன் இருக்கிறது, விலையும் அதற்கேற்ற மாதிரி.

மேலானது பித்தளைத் தகடு. 40-க்கு 30 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள துண்டு ஏறக்குறைய 30 கிராம் வரும். லேத் பட்டறையில் வெட்டு மிச்சமாகவே கிடைக்கும். இரண்டு ஓட்டை போட்டு, சேசிஸில் இருக்கும் திருகோடு சேர்த்து முறுக்கிவிட்டால் விழவே விழாது. பந்தய வண்டிகளுக்கு முன் கட்டையையே பித்தளையில் செய்து விற்பதும் இதற்காகத்தான்.

ஈயத்தைத் தொட்டால் கை கழுவுங்கள். அதை அரம் போட்டுத் தேய்க்காதீர்கள், தூள் மூச்சில் போகும். ஒட்டியபின் மேலே டேப் சுற்றிவிட்டால், வண்டியைத் தூக்கி விளையாடும் பிள்ளைகள் கையிலும் படாது.

அறிகுறி: கிளம்பும்போது மூக்கு வானத்தைப் பார்க்கிறது

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதோ, நேர்ப்பாதை மேட்டில் ஏறும்போதோ முன் சக்கரம் தூக்கிக்கொள்கிறது. பார்க்க அழகு, ஓட்டத் தொல்லை. முன் சக்கரம் காற்றில் இருக்கும்போது ஸ்டியரிங்குக்கு வேலையே இல்லை, வண்டி தன் இஷ்டத்துக்கு எங்கோ இறங்கும்.

முன் எடை இங்கேயும் உதவும், ஆனால் முதலில் மோட்டாரைக் கேளுங்கள். பெட்டியோடு வந்த மோட்டாரை எடுத்துவிட்டு பலம் கூடிய பிரஷ்லெஸ் மோட்டார் போட்ட பிறகுதான் இது ஆரம்பித்தது என்றால், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பஞ்ச் என்று, கிளம்பும் உதையின் வேகத்தை வைக்கும் ஓர் அமைப்பு இருக்கும், அதை ஒன்றிரண்டு படி குறையுங்கள். ஸ்லிப்பர் கிளட்ச் (உதை அதிகமானால் கொஞ்சம் வழுக்கிவிடும் பாகம்) உள்ள வண்டியில் அதைக் கால் சுற்று தளர்த்தினால் முதல் உதை மென்மையாகும். ஹார்னெட் போன்றவற்றில் ஸ்லிப்பர் கிடையாது, அங்கே விரல்தான் ஸ்லிப்பர்.

இதில் பலர் கவனிக்காத காரணம் ஒன்று இருக்கிறது. பழைய ஆறு செல் நிக்கல் பேட்டரியிலிருந்து இரண்டு செல் லிப்போவுக்கு (லித்தியம் பாலிமர் பேட்டரி) மாறினால் ஏறக்குறைய 100 கிராம் இளைக்கும். பேட்டரி இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே இருக்கிறது என்றால் முன்னால் 50, பின்னால் 50 குறையும். நம் கணக்கு வண்டியில் 1500-இல் 540 என்பது 1400-இல் 490 ஆகிறது. 36 சதவீதம் 35 ஆகிவிட்டது. வண்டி இளைத்தது, மோட்டார் உதையும் கூடியது, மூக்கு தூக்காமல் என்ன செய்யும்? இந்த நிலையில் 30 கிராமை முன்னால் வைப்பது, லிப்போ எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருவதுதான். எடை கூடிவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை, வண்டி முன்பைவிட இன்னும் 70 கிராம் இளைப்பாகத்தான் இருக்கும்.

பின்னால் மாட்டும் வீலி பார், அதாவது வால்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, மூக்கு ஓர் அளவுக்கு மேல் தூக்காமல் தடுக்கும். திரும்பும் பிடிக்கு அதனால் பயன் இல்லை.

அறிகுறி: த்ராட்டிலை விட்டாலும் வண்டி திரும்பவில்லை

வளைவுக்குள் நுழையும்போதே, த்ராட்டில் இல்லாமலே, மூக்கு நேராக ஓடுகிறது. இதற்கு எடை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் வண்டியின் எடை ஏற்கெனவே முன்னால்தான் சாய்ந்திருக்கும். அப்படியும் திரும்பவில்லை என்றால் முன் சக்கரம் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் திரும்பவே இல்லை என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

வண்டியைக் கையில் தூக்கி ஸ்டியரிங் திருப்பிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் திரும்புது" என்று சொல்வதில் பொருளில்லை. காற்றில் எல்லா வண்டியும் திரும்பும். தரையில் வைத்து, மேலிருந்து லேசாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். இன்னும் நல்ல வழி, ஒரு முன் சக்கரத்தை விரலால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரான்ஸ்மிட்டரைத் திருப்புவது. சர்வோவின் தலையில் இருக்கும் சர்வோ சேவரை, அதாவது மோதலில் சர்வோ உடையாமல் காக்கும் பாகத்தை, கவனியுங்கள். அடிப்பாகம் திரும்புகிறது, கம்பி மாட்டியிருக்கும் கை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது, நடுவே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் விரிந்து கொடுக்கிறது. வளைவில் ஒவ்வொரு முறையும் நடப்பது இதுதான். நீங்கள் முழுக்கத் திருப்புகிறீர்கள், சக்கரத்துக்கு அதில் பாதிகூடப் போய்ச் சேருவதில்லை. கொஞ்சம் இறுக்கமான சேவர் மாற்றினால் வண்டியே வேறு மாதிரி ஆகிவிடும். இந்த நிலையில் முன்னால் எடை ஏற்றினால் சேவருக்குச் சுமை கூடி, சக்கரம் இன்னும் குறைவாகத்தான் திரும்பும்.

சேவர் உறுதியாக இருந்து, சர்வோவே முனகிக்கொண்டு பாதியில் நின்றால் சர்வோவுக்கு பலம் போதவில்லை. இரண்டும் சரி என்றால் டிரான்ஸ்மிட்டரில் ஸ்டியரிங் அளவைக் குறைக்கும் சின்ன திருகு இருக்கும், யாராவது குறைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். முன் சக்கரங்கள் உள்நோக்கி முறுக்கியிருந்தால், கம்பியின் நீளத்தை மாற்றி ஒரு டிகிரி வெளிநோக்கி வையுங்கள், நுழைவு கூர்மையாகும்.

எடை வைத்த பிறகு வரும் தொல்லைகள்

பிரேக் பிடித்தால் வால் சுற்றுகிறது என்பது இவற்றில் முதலாவது. பின் சக்கரம் மட்டும் ஓடும் பக்கியில் பிரேக்கும் பின் சக்கரத்தில் மட்டும்தான். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும், பின் டயர் லேசாகும், அதே லேசான டயரைத்தான் நீங்கள் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். முன் எடை அந்தச் சாய்வுக்கு இன்னும் துணை போகும். பிரேக் அளவைக் குறையுங்கள். த்ராட்டிலை விட்டதுமே தானாகப் பிடிக்கும் டிராக் பிரேக் இருந்தால் அதை முதலில் பூஜ்யமாக்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு முடிந்துவிடும். முடியவில்லை என்றால் 10 கிராம் எடுங்கள், அல்லது பம்பரில் இருப்பதை ஆக்சிலுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள்.

த்ராட்டில் கொடுக்கும்போதும் வால் சுற்றினால், அதாவது ஓவர்ஸ்டியர், எடை ரொம்பவே அதிகமாகிவிட்டது. அல்லது தரை அவ்வளவு வழுக்கல். காய்ந்த, புழுதி படிந்த மண்ணில் பின் டயருக்கு எவ்வளவு சுமை கொடுத்தாலும் போதாது, அங்கே முன் எடையை மொத்தமாகக் கழற்றிவிட்டு ஓட்டுவதுதான் நல்லது. பின்மோட்டார் அமைப்பு இத்தனை காலம் நிலைத்ததற்கே காரணம் அந்த வழுக்கல் மண்தான். பந்தயத் தடங்கள் இறுகி, பிடி கூடக் கூட மோட்டார் நடுவுக்கு நகர்ந்தது. அசோசியேட்டட் 2013-இல் பி5 வண்டியைப் பின்மோட்டாரில் ஒன்று, நடுமோட்டாரில் ஒன்று என்று இரண்டாகவே விற்றது. நடுமோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் வழுக்கல் மண்ணில் பின்னால் எடை வைக்கத் தேடுவார்கள். அந்த வண்டிக்கு இங்கே சொன்னதை அப்படியே செய்யாதீர்கள்.

அடுத்த புகார்: இடம், வலம், இடம் என்று அடுத்தடுத்து வரும் வளைவுகளில் வண்டி மந்தமாகிவிட்டது. ஒற்றை வளைவில் நன்றாகத்தான் இருக்கிறது, திசை மாற்றும்போதுதான் யோசிக்கிறது. எடையின் அளவு இங்கே பிரச்சினை இல்லை, அது இருக்கும் தூரம்தான் பிரச்சினை. வண்டி சுழல்வது அதன் எடை மையத்தைச் சுற்றி. அங்கிருந்து தூரம் இரட்டிப்பானால் சுழற்சிக்குத் தரும் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதே 30 கிராமை சர்வோவுக்குப் பின்னால் நகர்த்தினால், முன் சக்கரச் சுமையில் கொஞ்சம் இழப்பீர்கள், சுறுசுறுப்பு திரும்ப வரும்.

முன்பக்கம் தாழ்ந்து தரையில் உரசினால் ஸ்பிரிங்கை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எடை வைக்கும் முன்பே, சேசிஸின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை முன்னாலும் பின்னாலும் அளந்து எழுதி வையுங்கள். வைத்தபின் வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து மேசைமேல் விட்டு, அது தானாக அடங்கியதும் அளங்கள். குறைந்திருந்தால் முன் ஷாக்கின் கிளிப்பைத் தடிமனாக மாற்றியோ வளையத்தைத் திருகியோ பழைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தாண்டிக் குதித்து இறங்கும்போது மட்டும் மூக்கு தரையில் அடித்தால், முன் ஷாக் எண்ணெயை ஒரு படி கெட்டியாக்குங்கள், 30 போட்டிருந்தால் 35. கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் இரண்டிலும் முன்னால் எண்ணெய் ஷாக்கே கிடையாது, வெறும் ஸ்பிரிங்தான். அதனால் அந்த வண்டிகளில் 20 கிராமுக்கு மேல் போகும் முன் யோசியுங்கள். எடை கூடக் கூட மூக்கு குதித்துக்கொண்டே இருக்கும், அடக்க எதுவும் இல்லை.

குதிக்கும்போது மூக்கு முன்னால் கவிழ்கிறது என்பவர்கள் இரண்டு செய்யலாம். ஒன்று விரலில் இருக்கிறது: காற்றில் இருக்கும்போது த்ராட்டிலை அழுத்தினால் பின் சக்கரம் வேகமெடுக்கும், அதன் எதிர்வினையாக மூக்கு உயரும். பிரேக் பிடித்தால் மூக்கு தாழும். முன் எடை வைத்த வண்டியில் மேட்டின் உச்சியில் த்ராட்டிலை விட்டுவிடும் பழக்கம் இருந்தால், கடைசிவரை சீராகப் பிடித்திருங்கள். இரண்டாவது, பின் ஷாக் ஸ்பிரிங் மாதிரி எகிறுகிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தைக் கையால் அழுத்தி விட்டால் மெதுவாக எழ வேண்டும். டப்பென்று எழுந்தால் மேட்டில் அதுவே வாலைத் தூக்கி எறிந்து மூக்கைக் கவிழ்க்கிறது, பழி மட்டும் ஈயத்தின்மேல்.

இதற்கு நேர் எதிராக, எடை வைப்பதற்கு முன் மூக்கு தூக்கியபடியே பறந்து பின்பக்கமாக விழுந்துகொண்டிருந்த வண்டி, இப்போது நான்கு சக்கரமும் சேர்ந்து இறங்கும். திரும்பும் பிடிக்காக வைத்த எடைக்குக் கிடைக்கும் இலவச இணைப்பு இது.

ஒரு பக்கமாக இழுக்கிறது என்ற புகாருக்கு ஈயம் நடுவில் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். 20 கிராம் துண்டு நடுக்கோட்டிலிருந்து 30 மில்லிமீட்டர் விலகியிருந்தால் இடவலச் சுமையில் வரும் வித்தியாசம் சில கிராம்தான். அந்த அளவுக்கு வண்டி இழுக்காது. டிரிம் (டிரான்ஸ்மிட்டரில் ஸ்டியரிங்கின் நேர்நிலையை வைக்கும் அமைப்பு), வளைந்த கம்பி, இடது வலது ஷாக்கில் வேறு வேறு தடிமனில் மாட்டிய கிளிப், இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. ஆனாலும் நடுவில் ஒட்டுவதில் நஷ்டமில்லை, ஒட்டுங்கள்.

பிடிப்பான தரையும் விதி எடையும்

கார்பெட், செயற்கைப் புல் போன்ற தரைகளில் முன் டயர் ஏற்கெனவே வேண்டிய அளவு பிடிக்கும். அங்கே முன் எடையால் லாபம் குறைவு. டயர் ஒரு அளவுக்கு மேல் சுமை தாங்கும்போது, சுமை கூடும் விகிதத்துக்குப் பிடி கூடாது, பின்தங்கிவிடும். கனமான மூக்கைத் திருப்ப வேண்டிய பாரம் மட்டும் முழுசாகக் கூடும். அதனால் மண்ணில் கண்டுபிடித்த அளவை கார்பெட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனியே சோதியுங்கள்.

பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. பின் சக்கர ஓட்டப் பக்கிக்கு 1474 கிராம் குறைந்தபட்ச எடை என்பது 1/10 பந்தயங்களில் நெடுநாள் புழங்கிய எண். உங்கள் பந்தயத்தின் விதித்தாளில் இருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். லிப்போ போட்ட வண்டி அதற்குக் கீழே இறங்கிவிட்டது என்றால், எப்படியும் எடை ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்தக் கிராம்களை எங்கே வைப்பது என்பது உங்கள் கையில், அதனால் மேலே சொன்ன சோதனையை அதைக்கொண்டே செய்துவிடலாம்.

ஓடும்போது எடை கழன்று விழுகிறது

பசையைக் குறை சொல்லும் முன் சேசிஸைத் துடைத்தீர்களா? ஷாக் எண்ணெய், மண், பழைய சிலிகான் ஸ்பிரே, இவற்றின் மேல் எந்த டேப்பும் நிற்காது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் ஒட்டி, ஒரு இரவு விடுங்கள். அடிப்பக்கம் வெளியே ஒட்டாதீர்கள், முதல் கல்லில் உரிந்துவிடும். சர்வோவுக்கு அடியில் ஒட்டினால், எடையின் மேல்பக்கம் சர்வோ உடம்பில் முட்டாமல் ஒரு மில்லிமீட்டர் விடுங்கள். முட்டினால் ஒவ்வொரு அடியும் நேராக சர்வோவின் காதுகளுக்கு, அதாவது அதைத் திருகி மாட்டும் ஓரங்களுக்கு, போய் அவை உடையும். டேப்பின் மேல் ஒரு கேபிள் டையும் போட்டு இறுக்குங்கள். சஸ்பென்ஷனை முழுக்க அழுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, கம்பி எதுவும் எடையில் உரசவில்லை என்று பார்த்த பிறகு பாடியை மாட்டலாம்.